சிறிய காணிகளிலும் கிரானி பிளாட் (வீடு உள்ள காணியிலேயே கட்டும் சிறிய இரண்டாவது வீடு) கட்ட இடமளிக்கக் கோரும் மனு

பெறுநர்:
மாண்புமிகு அமைச்சர் அவர்கள்,
திட்டமிடல் மற்றும் பொது இடங்கள் துறை,
நியூ சவுத் வேல்ஸ் அரசு, சிட்னி.

அனுப்புநர்:
மார்ஸ்டன் பார்க், ஸ்கோபீல்ட்ஸ் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்.

பொருள்: 450 சதுர மீற்றருக்குக் குறைந்த காணிகளில் சிறிய கிரானி பிளாட்டை சிடிசி (குறித்த விதிகளுக்குப் பொருந்தினால் கிடைக்கும் விரைவு அனுமதிச் சான்றிதழ்) முறையில் கட்ட அனுமதித்தல்.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு சிட்னியில் புதிதாகப் பிரித்து விற்ற காணிகளில் வீடு வாங்கிக் குடியிருப்பவர்கள் நாங்கள். எங்களில் பலருடைய பெற்றோர் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து எங்களோடு இருக்கிறார்கள். இன்னும் சிலர் வீசாவுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்காகப் பின்வளவில் ஓர் அறையும் குளியலறையும் சின்னக் குசினியும் கட்டிக்கொடுக்க விரும்புகிறோம். இன்றைய விதி அதற்கு இடம் தரவில்லை.

2021ஆம் ஆண்டு வீட்டுவசதித் திட்டமிடல் கொள்கையின்படி, தனியாக நிற்கும் கிரானி பிளாட்டை சிடிசி முறையில் கட்ட வேண்டுமானால் காணி குறைந்தது 450 சதுர மீற்றர் இருக்க வேண்டும். கட்டடக் கோட்டில், அதாவது வீட்டின் முகப்பு நிற்கும் இடத்தில், காணியின் அகலம் 12 மீற்றர் வேண்டும். பின்வேலியிலிருந்து 3 மீற்றர் தள்ளிக் கட்ட வேண்டும். டூங்காபி, வென்ட்வொர்த்வில் போன்ற பழைய பகுதிகளில் இது பெரிய பிரச்சினை இல்லை. அங்கே காணிகள் பெரியவை. எங்கள் பக்கம் 300 முதல் 400 சதுர மீற்றர் வரையான காணிகள்தான் சாதாரணம். கவுன்சிலுக்கு டிஏ (கட்டட அனுமதிக்கான விண்ணப்பம்) போடலாம் என்பார்கள். ஆனால் 450க்குக் குறைந்த காணி என்றால் அங்கேயும் பரப்பளவே முதல் தடையாக நிற்கிறது. வரைபடத்துக்கும் அறிக்கைகளுக்கும் காசைக் கொட்டிவிட்டு, கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் காத்திருக்க எல்லோராலும் முடியாது.

இந்த மனுவை எழுதும் என் வீட்டு நிலையைச் சொல்கிறேன். எங்கள் படுக்கையறைகள் எல்லாம் மேல்மாடியில். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. படியேறும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு படியில் இரண்டு காலையும் ஊன்றிய பிறகுதான் அடுத்த படிக்குப் போவார். அதனால் கீழே, கராஜை ஒட்டிய படிப்பறையில் கட்டில் போட்டிருக்கிறோம். கீழே கழிவறை உண்டு, குளிக்க வசதி இல்லை. குளிக்க மேலேதான் ஏற வேண்டும். விடியற்காலை நாலரைக்கே எழும்புகிறவர், பிள்ளைகள் முழித்துவிடுவார்களே என்று கேத்தலைக்கூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். பின்கதவைத் திறந்தால் வெறும் புல்தரை கிடக்கிறது.

அந்தப் புல்தரையில் 20 சதுர மீற்றர் வரை ஒரு கொட்டில் போட எந்த அனுமதியும் வேண்டாம். வேலியிலிருந்து 0.9 மீற்றர் விட்டால் போதும், உயரம் 3 மீற்றருக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். புல்வெட்டும் மெசின் வைக்க இருக்கிற வழி, அம்மா படுத்தெழும்ப இல்லை. இதை நாங்கள் கோபத்தோடு சொல்லவில்லை, வருத்தத்தோடு சொல்கிறோம்.

மற்ற மாநிலங்கள் சில இதை எப்போதோ யோசித்துவிட்டன. விக்டோரியா 2023 டிசம்பரில் விதியை மாற்றி, 300 சதுர மீற்றரும் அதற்கு மேலும் உள்ள காணிகளில் 60 சதுர மீற்றர் வரையான சிறிய இரண்டாவது வீட்டுக்குப் பெரும்பாலான இடங்களில் திட்டமிடல் அனுமதியே வேண்டாம் என்றது. மேற்கு அவுஸ்திரேலியா 2024இல் குறைந்தபட்சக் காணி அளவையே எடுத்துவிட்டு, 70 சதுர மீற்றர் வரை வழிவிட்டது.

நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. 300 முதல் 450 சதுர மீற்றர் வரையான காணிகளில், 40 சதுர மீற்றருக்கு மேற்படாத, ஒரே தளமுள்ள கிரானி பிளாட்டுக்கு சிடிசி வழியைத் திறந்துவிடுங்கள். அகல வரம்பை 10 மீற்றராகவும், பின்வேலி இடைவெளியை 0.9 மீற்றராகவும் குறையுங்கள். 3 மீற்றர் என்ற விதி அப்படியே இருந்தால் காணி அளவைக் குறைத்தும் பயனில்லை. எங்கள் பின்வளவு ஆழமே ஏழெட்டு மீற்றர்தான், அதில் 3 போனால் மிஞ்சுவதில் என்ன கட்டுவது? தீப் பாதுகாப்பு பற்றிக் கவலை வரலாம். எல்லைப் பக்கத்தில் கட்டட விதி தீ தாங்கும் சுவரைக் கேட்பது எல்லையிலிருந்து 0.9 மீற்றருக்குக் குறைவாக நிற்கும் சுவருக்குத்தான்.

அயலவரின் கவலையும் நியாயமானது. வேலிப்பக்கச் சன்னல்களை உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். மழைநீர்த் தாங்கி கட்டாயம் என்று போடுங்கள், காணியில் இத்தனை பங்கு மண்தரையாக இருக்க வேண்டும் என்றும் போடுங்கள். எல்லாவற்றுக்கும் கட்டுப்படுகிறோம். வெள்ள அபாயமும் காட்டுத்தீ அபாயமும் உள்ள காணிகளை விலக்குவதையும் ஏற்கிறோம். கார் நிறுத்தும் இடம் பற்றிய விதியில் மாற்றம் தேவையில்லை, இப்போதும் கிரானி பிளாட்டுக்கென்று கூடுதல் இடம் கேட்பதில்லை.

இன்னொன்று. உள்ளே சக்கர நாற்காலி திரும்பும் அளவு குளியலறை, படியில்லாத வாசல் என்று கட்டுபவர்களுக்கு 40க்கு மேல் ஐந்து சதுர மீற்றர் சேர்த்துக் கொடுங்கள். இன்று நடப்பவர் நாளை நாற்காலிக்கு வரலாம், அப்போது சுவரை இடித்துக் கட்ட முடியாது.

இதற்கான திருத்த வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கும்போது தமிழிலும் ஒரு விளக்கம் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். அந்த வீடுகளில் இருக்கப்போகிறவர்கள் அதை வாசித்துத் தாங்களே கருத்துச் சொல்லட்டும். நேரில் பேச நேரம் ஒதுக்கினால் காணி வரைபடங்களோடு வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்ட குடும்பத்தினர்