கொச்சிக்கு இரண்டு நாள்: கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கொச்சி பயணக் கட்டுரை இடங்களைச் சரியாகத்தான் சொல்லியிருந்தது. கிழமையைத்தான் விட்டுவிட்டது. சனிக்கிழமை மட்டாஞ்சேரி, ஞாயிறு காலை ஃபோர்ட் கொச்சி என்ற அந்த வரிசையில் போகிறவர்கள் இரண்டு முக்கியமான வாசல்களில் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

மட்டாஞ்சேரி யூத ஜெபக்கூடத்துக்கு சனிக்கிழமை ஓய்வுநாள். வெள்ளிக்கிழமையையும் நம்ப முடியாது. பக்கத்திலேயே இருக்கும் டச்சு அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. ஃபோர்ட் கொச்சி புனித பிரான்சிஸ் தேவாலயத்திலோ ஞாயிறு காலை ஆராதனை நடக்கும். சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஆகவே வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள்: சனி ஃபோர்ட் கொச்சி, ஞாயிறு மட்டாஞ்சேரி. ஜெபக்கூடம் மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூடும் என்பதால் ஞாயிறு காலை முதலில் அங்கே போய்விட்டு, பிறகு அரண்மனைச் சுவர்களில் இருக்கும் ராமாயண ஓவியங்களை நிதானமாகப் பார்க்கலாம். ஜெபக்கூடத் தரையில் பதித்திருப்பவை சீனாவில் கையால் வரைந்த நீலப் பீங்கான் ஓடுகள். செருப்பை வெளியே விட வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

ரயிலில் வருகிறவர்கள் டிக்கெட்டை ஒருமுறை பாருங்கள். கொச்சிக்கு இறங்கும் நிலையங்களில் எர்ணாகுளம் ஜங்ஷன் வேறு, எர்ணாகுளம் டவுன் வேறு. எல்லா வண்டியும் இரண்டிலும் நிற்பதில்லை. எதில் இறங்கினாலும் ஃபோர்ட் கொச்சிக்கு ஆட்டோ பேசாதீர்கள். சாலை தெற்கே சுற்றி, பாலங்கள் ஏறி இறங்கிப் போகும். மாலையில் தோப்பும்படி பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டால் பொழுதே போய்விடும். ஹைகோர்ட் ஜெட்டி வரை மட்டும் ஆட்டோ பிடித்து, அங்கிருந்து வாட்டர் மெட்ரோ படகில் ஏறுங்கள். 20 நிமிடம் போலத்தான் ஆகும். அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் பழைய படகு எர்ணாகுளம் மெயின் ஜெட்டியிலிருந்து போகிறது. அதுவும் நல்ல வழிதான்.

படகில் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள், துறைமுகத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. போகும்போது வலப்பக்கம் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள். இடப்பக்கம் வில்லிங்டன் தீவு: 1920-இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, பெரிய கப்பல்கள் உள்ளே வர வழி தோண்டியபோது எடுத்த சேற்றைக் கொட்டி உருவாக்கிய நிலம். அங்கே கடற்படைத் தளம் இருப்பதால் அந்தப் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள்.

வாட்டர் மெட்ரோவில் ஆட்களை எண்ணித்தான் ஏற்றுவார்கள், பெரிய படகுக்கு 100 பேர். விடுமுறை நாள் மாலையில் ஃபோர்ட் கொச்சியிலிருந்து திரும்பும் வரிசை நீண்டுவிடும். இறங்கிய உடனே கவுன்டரில் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட் கொச்சியிலேயே அறை எடுத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. காலை ஆறு மணிக்குச் சீனவலைகள் (கரையில் மரச்சட்டத்தில் கட்டித் தொங்கும் பெரிய மீன்பிடி வலைகள்) பக்கம் நடந்து போகவும் முடியும்.

அந்த வலைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பலரும் உச்சி வெயிலில் வந்து, சும்மா தொங்கும் வலையைப் படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். கடல் நீர் ஏறுவதையும் வற்றுவதையும் பொறுத்துத்தான் வேலை நடக்கும். அந்த நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. முந்தின மாலையே வலைக்காரர்களிடம் கேட்டுவிடுவது நல்லது. ஒருவர் நடுமரத்தின் மேல் நடந்து போக, அவர் பாரத்தில் வலை மெல்ல நீரில் இறங்கும். சில நிமிடம் கழித்து நாலைந்து பேர் பின்னால் நின்று கயிற்றை இழுப்பார்கள். கயிறுகளில் வரிசையாகக் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள்தான் எடையைச் சமன் செய்கின்றன. "வாங்க, இழுங்க" என்று உங்களையும் கூப்பிடுவார்கள். பணம் எதிர்பார்ப்பார்கள், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஆற்று நீரோடு ஆகாயத்தாமரை அடித்து வந்து வலையில் சிக்கும். பல நாள் வலை இறங்காது. ஜூன், ஜூலையில் வருகிறவர்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஃபோர்ட் கொச்சிக் கரையில் எப்போதுமே குளிக்க வேண்டாம். துறைமுக வாய், இழுப்பு அதிகம்.

புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோடகாமாவின் கல்லறைக் கல் இருக்கிறது. 1524-இல் அவர் கொச்சியில் இறந்தார். எலும்புகள் 1539-இல் போர்ச்சுகலுக்குப் போய்விட்டன. எல்லோரும் அந்தக் கல்லைத்தான் பார்க்கிறார்கள். அண்ணாந்து பாருங்கள்: பழைய துணி விசிறிகள் இன்னும் தொங்குகின்றன. வெளியே ஆள் உட்கார்ந்து இழுப்பதற்காகக் கயிற்றைச் சுவர் வழியாக விட்டிருந்தார்கள்.

கட்டுரையில் இரண்டாம் நாள் மூணாறையும் சேர்த்திருந்தார்கள். ஒரு வழிக்கே 130 கிலோமீட்டர், மலைப்பாதை, நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை எடுத்துவிட்டுத் திருத்திய பயணத் திட்டத்தை அடுத்த இதழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளோடு கிளம்ப நினைப்பவர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
எர்ணாகுளத்தில் வாழும் தமிழ் வாசகர்