சாவிக்கொத்தைத் தேடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் தாம்பரம் மின்சார ரயிலில், கோடம்பாக்கம் தாண்டியதும் என் எதிரில் இருந்த தம்பி ஒருவர் விறைத்துச் சரிந்தார். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. "ஃபிட்ஸ்! யாராவது சாவி குடுங்க!" என்று நாலு பேர் கத்தினார்கள். ஒருவர் சாவிக்கொத்தைக் கைக்குள் திணித்தார். இன்னொருவர் சீப்பைப் பல்லிடுக்கில் நுழைக்கப் பார்த்தார். எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள்.

என் மகளுக்கும் வலிப்பு உண்டு என்பதால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். சீப்பை எடுக்கச் சொல்லிவிட்டு, துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்து, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரை நிமிடத்தில் நின்றது. "பாத்தீங்களா, இரும்பு கேட்டுச்சு" என்றார் சாவி கொடுத்தவர்.

பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் எது இருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடுகிறது. மூளை செல்களில் மின்சாரம் தாறுமாறாகப் பாய்வதை இரும்பு எப்படி நிறுத்தும்? வாயில் எதையாவது வைத்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். நாக்கு தொண்டைக்குள் போய்விடும் என்பதும் வீண் பயம். நன்றாக நினைவு திரும்பும்வரை தண்ணீர், சோடா எதுவும் தரக்கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, கண் விழிக்காமலே திரும்ப வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

வலிப்பு என்றால் விழுந்து துடிப்பது மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். என் மகள் விழுந்ததே இல்லை. இரண்டாம் வகுப்பில், பேசிக்கொண்டே இருப்பவள் பத்து நொடி அப்படியே வெறித்து நிற்பாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போல விளையாடப் போவாள். பள்ளியில் கவனமில்லாத பிள்ளை என்று கடைசி வரிசையில் நிற்க வைத்தார்கள். அவளுடைய 'சொல்வதை எழுது' நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் வரிக்கு நடுவே இரண்டு மூன்று வார்த்தைகள் இருக்காது. அந்த வார்த்தைகள் அவள் காதிலேயே விழவில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. வெறிப்பு வருகிறதா என்று பார்க்க, டாக்டர் அவளை வேகவேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவர் கண் முன்னாலேயே வெறித்து நின்றாள். அதுவும் வலிப்புதான் என்பது, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனையிலும் உறுதியானது. வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தோம். சில மாதங்களில் நோட்டில் வரிகள் நிரம்பின.

"வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்" என்று சொந்தக்காரர்கள் இப்போதும் சொல்கிறார்கள். திருமணத்துக்கு வலிப்பு தடை என்றிருந்ததை இந்து திருமணச் சட்டத்திலிருந்தே 1999-ல் எடுத்துவிட்டார்கள். நாம்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மறைத்து வைத்தால், ஒருநாள் ரயிலில் அவளும் விழ நேர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தெரியும்?

ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மின்சார ரயில் பெட்டிகளில் இந்த முதலுதவியை நாலு வரியில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். அந்தத் தம்பி கிண்டியில் இறங்கியபோது, சீப்பு கிழித்த உதட்டைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டே போனார்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
நங்கநல்லூர், சென்னை