தம்பியோடு நடந்தவர்களுக்கு

தருமபுரி ராமக்காள் ஏரிக்கரையில் காலையில் நடக்க வரும் அனைவருக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு 22 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. காதில் கேட்ட குரல்களை மாத்திரை அடக்கியது. ஆனால் ஒரே வருடத்தில் எடை 17 கிலோ ஏறிவிட்டது. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தான். சொந்தக்காரர்கள் சோம்பேறி என்றார்கள். நானும் அப்படித் திட்டியிருக்கிறேன்.

எதிலும் நாட்டமில்லாமல் போவதும் இந்த நோயின் அறிகுறிதான், மாத்திரைக்கு அவ்வளவாக மசியாததும் அதுதான் என்று பொறுமையாக விளக்கிய டாக்டர் அம்மாவுக்கு முதல் நன்றி. "மாத்திரையை நிறுத்தவே கூடாது. கூடவே நடக்க வையுங்க" என்றார். வாரம் 90 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும்படி உடற்பயிற்சி செய்தவர்களுக்கு அறிகுறிகள் குறைந்ததாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்திருக்கிறதாம். இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பல வருடம் முன்பே இறந்துபோவதற்கு இதய நோய் ஒரு பெரிய காரணம் என்றும் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, எழவே மாட்டேன் என்பவனை எப்படி நடக்க வைப்பது? ஒரு ஜிம்மில் கேட்டோம். நோயின் பெயரைச் சொன்னதும் இடமில்லை என்றுவிட்டார்கள்.

அப்போதுதான் அடுத்த தெருவில் இருக்கும், கண்டக்டர் வேலையில் ஓய்வு பெற்ற மாமா வந்தார். காலை ஆறு மணிக்கு எங்கள் கேட்டுக்கு வெளியே நிற்பார். அதட்டமாட்டார், அறிவுரை சொல்லமாட்டார். முதல் மூன்று நாள் தம்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் கேட் வரை வந்தான். "இன்னிக்கு இது போதும்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெருமுனை வரை போக ஒரு வாரம் ஆனது, ஏரிக்கரைக்குப் போக ஒன்றரை மாதம். வழியில் அவன் தனக்குத்தானே பேசினால், மாமா பேசாமல் கூட நடப்பார். இதை எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை, நாங்கள் உடனே பதறிவிடுவோம்.

கேட்காமலே சர்க்கரை போடாத டீயை நீட்டும் டீக்கடை அண்ணனுக்கும், பந்தைத் தவறவிட்டாலும் முகம் சுளிக்காமல் அவனைச் சேர்த்துக்கொண்ட ஷட்டில் பையன்களுக்கும் நன்றி.

பதினொரு மாதம் ஆகிறது. எடை 6 கிலோ குறைந்திருக்கிறது. குரல்கள் இன்னும் சில நாட்களில் கேட்கத்தான் செய்கின்றன. ஆனால் குளிக்கிறான், என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். போன வாரம் அம்மாவுக்குக் கடையிலிருந்து தக்காளி வாங்கி வந்தான்.

மாமா, முழங்கால் வலி என்று மூன்று நாளாக நீங்கள் வரவில்லை. தம்பி தனியாகவே ஏரிவரை போய் வருகிறான். திரும்பும்போது உங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறானாம். கூப்பிடக் கூச்சம். நாளைக்கும் வருவான், ஒரு குரல் கொடுங்கள்.