மூடாத கிடங்குகளும் குற்றப் பொறுப்பும்: மட்டக்களப்பு, அம்பாறை பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களே, செயலாளர்களே,

வாடை மழைக்கு முன்பாக இதை எழுதுகிறோம். கிறவலுக்கும் செங்கல் வாடிக்கும் மண் தோண்டிவிட்டுக் கைவிட்ட கிடங்குகள் நம் இரு மாவட்டங்களிலும் வேலியின்றிக் கிடக்கின்றன. மழை நிரம்பினால் ஆழம் தெரியாது. லொறி இறங்கிய சரிவு வழியே பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடந்துபோவார்கள். மண்ணை நேராக வெட்டி இறக்கிய வெட்டுமுகம் வந்ததும் அடுத்த அடிக்கு நிலம் இருக்காது. ஏறவும் முடியாது, ஊறிய களிமண் விளிம்பு பிடித்த கையோடு பெயர்ந்து வரும்.

அப்படி ஓர் உயிர் போனால், "சபை ஒன்றும் செய்யவில்லையே" என்பது தற்காப்பாகாது. தண்டனைச் சட்டக்கோவையில் 'செயல்' என்பதற்குள் சட்டவிரோதமான செய்யாமையும் அடங்கும். எல்லாச் செய்யாமையும் குற்றமாகாது என்பதும் உண்மை. வாவியில் மூழ்கும் அந்நியரைக் கரையில் நின்று பார்த்த வழிப்போக்கர் மனச்சாட்சிக்குப் பதில் சொல்லலாம், நீதவானுக்கு அல்ல. சட்டக் கடமை உள்ளவரின் நிலை வேறு. 1987 இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் பொது வீதிகளையும் உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறது.

அடுத்தது மனநிலை. கவனயீனத்தால் மரணம் விளைவித்தலைத் தண்டிக்கும் 298ஆம் பிரிவுக்குக் கொல்லும் எண்ணம் தேவையில்லை. நிதானமுள்ள ஒருவர் எடுத்திருக்கும் கவனத்தை எடுத்தீர்களா, வேலி போட்டிருந்தால் அந்த மரணம் தவிர்ந்திருக்குமா என்பவையே கேள்விகள். தண்டனை ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே விட்டதாக நிரூபணமானால் விடயம் இதைவிடப் பாரதூரமாகும். அறிவை நிரூபிக்க உங்கள் அலுவலகக் கோவையே போதும்: கிராம உத்தியோகத்தரின் கடிதம், அதன் ஓரத்தில் 'பார்த்தேன்' என்ற சுருக்கொப்பம், திகதி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பிரதியை எந்தப் பெற்றோரும் கேட்கலாம்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் வழக்கைச் சிலர் ஆறுதலாகக் காட்டுகிறார்கள். முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்ட அப்போதைய பாதுகாப்புச் செயலாளரையும் பொலிஸ்மா அதிபரையும் 2022 பெப்ரவரியில் கொழும்பு மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அன்று சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளை இழந்த மட்டக்களப்பு மாவட்டம் அந்தத் தீர்ப்பை மறக்கவில்லை. ஆனால் அங்கே சுமத்தப்பட்டது கொலைக்குற்றம். குண்டை வெடிக்கவைத்தவர்களும் வேறு ஆட்கள். கிடங்குக்கும் பிள்ளைக்கும் நடுவே அப்படி ஒருவரும் இல்லை. அதே இருவர் உள்ளிட்டோரை நட்டஈடு செலுத்துமாறு 2023 ஜனவரியில் அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் பணித்ததையும் சேர்த்தே வாசியுங்கள்.

முறைப்பாடு வந்த அன்றே திகதி முத்திரையிட்டுத் தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்புங்கள். கிடங்கின் ஆழம், வீதி விளிம்பிலிருந்து தூரம், அருகிலுள்ள வீடு, பாடசாலை ஆகியவற்றை அளந்து படமும் எடுக்கட்டும். மஞ்சள் நாடா கட்டிவிட்டு வராதீர்கள், முதல் காற்றிலேயே அறுந்துவிடும். மரக்கட்டை நட்டு முட்கம்பி இழுங்கள். கட்டையை விளிம்பிலேயே நட்டால் கரை இடியும்போது வேலியும் சேர்ந்து போகும், ஆகவே தள்ளி நடுங்கள். லொறி இறங்கும் வாயையே முதலில் அடைக்கவேண்டும். பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான்.

தனியார் காணி என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. பொது வழிக்கு அருகிலுள்ள கிணறு, குளம், அகழியை வேலியிட உத்தரவிடும் அதிகாரத்தை, 1979 இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு நீதவானுக்குத் தருகிறது. காணிக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அசையாவிட்டால் படங்களோடு பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் போங்கள். மண் அகழச் சுரங்கப் பணியகம் கொடுத்த அனுமதிப்பத்திரம் இருந்தால் அதன் நிபந்தனைகளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

பணம் இல்லை என்றால் அதையும் கூட்டக் குறிப்பில் பதியுங்கள். எவ்வளவு தேவை, யாரிடம் கேட்டீர்கள், அதுவரை என்ன தற்காலிக ஏற்பாடு என்ற விவரங்களுடன். தன் அதிகாரத்துக்கு மேற்பட்டதை எழுத்தில் மேலே அனுப்பிய கீழ்நிலை உத்தியோகத்தரைக் குற்றஞ்சாட்டுவது கடினம். 'பேசிப் பார்ப்போம்' என்று வாயால் சொன்னவருக்கு அந்தக் காப்பு இல்லை. மரணத்துக்கு மறுநாள் அவசரமாக மண் கொட்டி நிரப்புவதோ சான்றை மறைத்தல் என்ற இன்னொரு விசாரணைக்கு இடம்கொடுக்கும்.

ஒக்டோபருக்கு முந்திய அமர்வில் உங்கள் எல்லைக்குட்பட்ட கிடங்குகளின் பட்டியலை முன்வைத்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான உத்தியோகத்தரின் பதவியையும் வேலை முடியும் திகதியையும் சபையின் அறிவித்தல் பலகையில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிழக்கில் குற்றவியல் வழக்குகளில் தோன்றும் சட்டத்தரணிகள் சிலர்