சித்தப்பாவிடமே கேள்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் சித்தப்பாவோடு பேசலாம் என்று கூப்பிட்டேன். போனை நீ எடுத்தாய். "அப்பாகிட்ட குடு" என்றுதான் சொன்னேன். நீ கொடுக்கவில்லை. "நல்லா இருக்கார்க்கா, சொட்டு மருந்து விட்டுட்டு உக்காந்திருக்கார், தூக்கம் மட்டும் கொஞ்சம் கம்மி" என்று எல்லாவற்றையும் நீயே சொல்லி முடித்துவிட்டாய். பின்னால் அவர் தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்டது. ஏதாவது பேசப் போகிறார் என்றால் முதலில் அப்படித்தான் செருமுவார், உனக்கும் தெரியும்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சித்தப்பாவுக்குப் பார்வை குறைந்துகொண்டு வருவதால் மூன்று மாதமாக வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நீ அலைவதை அறிவேன். ஆனால் நீ இப்போது செய்வதையெல்லாம் நான் அம்மாவுக்குச் செய்திருக்கிறேன். பார்வை குறைந்து ஒன்பது வருஷம் அம்மா எங்களோடு இருந்தார். முதல் இரண்டு வருஷம் அன்பு என்று நினைத்து நான் செய்த பல காரியங்கள் அவரை ஒரு மூலையில் உட்கார வைத்தன. உனக்கும் உன்னைப் போல் இருப்பவர்களுக்கும் அந்த இரண்டு வருஷம் மிச்சமாகட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஒரு நாள் அம்மா வெளியே போயிருந்தபோது அவருடைய அறையையும் அலமாரியையும் ஒழுங்கு செய்தேன். காலில் இடறுகிற முக்காலியை எடுத்தேன். கத்தரிக்கோலை, ஊசிப்பெட்டியை, மருந்து டப்பாவை 'பத்திரமான' இடங்களில் வைத்தேன். அம்மா திரும்பி வந்து அறைக்குள் நான்கு அடி வைத்தார். முக்காலி இருந்த இடத்தைக் கையால் தேடினார். அது அவருக்கு இடறும் பொருளாக இருக்கவில்லை. அங்கிருந்துதான் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் தூரம் கணக்கிட்டிருக்கிறார். திட்டவில்லை. "என்னக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போய் உக்கார வையேன்" என்றார். அதற்குப் பிறகு நான்கு நாள் தனியாக அந்த அறைக்குள் போகவே இல்லை. முந்தின நாள் வரை துணையில்லாமல் நடமாடிய அறை அது.

வீட்டில் ஒரு பொருளை நகர்த்த வேண்டும் என்றால் முதலில் அவரிடம் கேள். நகர்த்தியபின் அவர் கையை வைத்துக் காட்டு. கதவுகள் முழுக்கத் திறந்திருக்கட்டும், இல்லையென்றால் முழுக்க மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் ஓரம் நெற்றியைப் பிளக்கும்.

அடுத்து, அவருக்கு என்ன தெரிகிறது என்பது. பார்வை போவதென்றால் விளக்கை அணைத்தது மாதிரி என்று நானும் நினைத்திருந்தேன். நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டர் தூரத்தில் காண்பதை, இருப்பதில் நல்ல கண்ணாலும் 3 மீட்டர் கிட்டே வந்துகூடக் காண முடியாதவரை உலக சுகாதார நிறுவனம் பார்வையற்றவர் என்று கணக்கிடுகிறது. அப்படிக் கணக்கில் வருகிற ஒருவருக்கும் வெளிச்சமும் நிழலும் பக்கத்தில் ஆள் அசைவதும் தெரியலாம். முழு இருட்டு சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு ஏதோ ஒரு மிச்சம் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள், நோய்க்கு நோய் வேறு.

அம்மாவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி, மாக்குலா என்பார்களே, அது தேய்ந்துபோனது. நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கல். ஓரத்தில் கிடக்கிற நூல் துண்டு தெரியும். நான் எதிரே நின்று சிரித்தால் தெரியாது. அதனால் என்னைப் பார்க்க முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வார். அது முகம் கொடுக்காதது என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. சித்தப்பாவுக்குக் கிளாக்கோமா. அவருக்குப் போவது ஓரப் பார்வை. கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும், பெரும்பாலும் வலிக்காது, போனது திரும்பாது. நடுப்பார்வை கடைசிவரை தங்கலாம். ஆகவே பொடி எழுத்தைப் படித்துவிட்டு, எழுந்து நடக்கும்போது பக்கத்து நாற்காலியில் முட்டிக்கொள்வார். அந்த ஓரம் கறுப்பாகவும் தெரியாது. இல்லாததை மூளையே நிரப்பிக்கொள்வதால் அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். "பேப்பர் படிக்கத் தெரியுது, நாற்காலி தெரியலையா?" என்று வீட்டுக்கு வருகிற யாரோ ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்கும்போது நீ சும்மா இருக்காதே. நடிக்கிறார் என்ற பேச்சு காதில் விழுந்தால் அப்புறம் அவர் தனக்குத் தெரிவதைக்கூடச் சொல்ல மாட்டார்.

இவ்வளவும் நான் சொல்வதை விட நீ அவரிடமே கேட்பது நல்லது. "எந்தப் பக்கம் நின்னா என்னைத் தெரியுது? விளக்கு எங்க இருந்தா வசதி? எந்த நேரம் கண்ணு கூசுது?" ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேள். அம்மாவிடம் இதை நான் கேட்க ஒன்றரை வருஷம் ஆனது. விளக்கு முகத்துக்கு எதிரே இருந்தால் கண் கூசுகிறது, தோளுக்குப் பின்னாலிருந்து வந்தால் நிம்மதி என்றார். வெள்ளை மேசையில் வெள்ளைத் தட்டு காணாமல் போகிறது என்றார். கருநீல விரிப்பு ஒன்றை மேசையில் போட்டதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

பேச்சுக்கு வருகிறேன். நம் மொழியில் சுட்டெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதன் அருமை அம்மாவோடு இருந்தபோதுதான் புரிந்தது. 'இதோ', 'அதோ', 'அங்க பாருங்க', 'இந்தப் பக்கம்' எல்லாமே விரலையும் கண்ணையும் நம்பி நிற்கிற சொற்கள். "இதோ இருக்கு" என்று நான் நீட்டிய பொருளைத் தேடி அம்மாவின் கை காற்றில் எத்தனை தடவை அலைந்திருக்கும்! "உங்க வலது கைக்குப் பக்கத்துல, ஒரு சாண் தள்ளி" என்று சொன்னால் போதும். வலது என்றால் அவருடைய வலது, எதிரே நிற்கிற உன்னுடையது இல்லை. தட்டில் எது எங்கே இருக்கிறது என்பதைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்லலாம். மூன்று மணிக்கு இது, ஆறு மணிக்கு அது. ஆனால் அவருக்கு அந்த முறை பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடங்கு. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, 'உன் பக்கம், என் பக்கம்' என்பதே போதும் என்றுவிட்டார்.

தலையாட்டுவது அவருக்குக் கேட்காது. அவர் பேசும்போது 'ம்' கொட்டு. அறைக்குள் வரும்போது குரல் கொடு. மற்றவர்களை "நான் யாருன்னு சொல்லுங்க" என்று கேட்க விடாதே. பெரியவர் ஒருவரைக் கூட்டத்துக்கு நடுவே பரீட்சை எழுத வைப்பது போன்றது அது. வெளியே போகும்போதும் "போய்ட்டு வரேன்" என்று சொல். நான் எழுந்து போனது தெரியாமல் அம்மா ஒரு முறை காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து வாசலில் நின்று அதைக் கண்டேன். இன்றுவரை என்னால் மறக்க முடியாத காட்சி அதுதான்.

சொற்களுக்குப் பயப்படாதே. 'பார்' என்ற சொல் வாயில் வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழில் ருசி பார்க்கிறோம், தொட்டுப் பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம், யோசித்துப் பார்க்கிறோம். அந்தச் சொல் கண்ணுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததே இல்லை. சித்தப்பா ரேடியோவில் மேட்ச் கேட்டுவிட்டு "மேட்ச் பாத்தேன்" என்றுதான் சொல்வார். நீயும் அப்படியே பேசு. சத்தமாகப் பேச வேண்டியதும் இல்லை, அவர் காது நன்றாக இருக்கிறது.

நடப்பது பற்றி. நீ அவர் கையைப் பிடித்து இழுக்காதே, அவர் உன் கையைப் பிடிக்கட்டும். முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வந்தால், நீ திரும்புவதும் நிற்பதும் படி இறங்குவதும் உன் உடம்பு வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் தள்ளினால் பள்ளமோ கம்பமோ முதலில் சந்திப்பது அவரைத்தான். இன்னொன்றும் இருக்கிறது. பிடித்திருப்பவர் அவர் என்றால் விடுவதும் அவர் கையில். படி வந்தால் ஒரு நொடி நின்று 'ஏறணும்' அல்லது 'இறங்கணும்' என்று சொல். வெறுமனே 'படி' என்றால் அது எந்தப் பக்கம் போகிறது என்று காலுக்குத் தெரியாது. குறுகலான வழியில் உன் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோ, அவர் தானாகவே நேர் பின்னால் வந்துவிடுவார். உட்கார வைக்கிறேன் என்று அமுக்காதே. நாற்காலியின் முதுகில் அவர் கையை வை, அவர் உட்கார்ந்துகொள்வார். நீ எங்காவது போக வேண்டியிருந்தால் நட்டநடுவில் நிறுத்திவிட்டுப் போகாதே, சுவரையோ மேசையையோ தொட்டபடி நிற்க வைத்துவிட்டுப் போ.

வெள்ளைக் கோலை அவர் வேண்டாம் என்கிறார் என்று சொன்னாய். கட்டாயப்படுத்தாதே. கோலைக் கையில் எடுக்கிற நாள், தெருவுக்கே தன் கண்ணைப் பற்றி அறிவிக்கிற நாள். அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். ஆனால் ஒரு கதையை அவரிடம் சொல். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்று ஒரு புகைப்படக்காரர். விபத்தில் பார்வை போனது. வீட்டைச் சுற்றி ஓடுகிற மோட்டார் வண்டிகள் தன்னைக் கவனிப்பதில்லை என்று 1921-ல் தன் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டார். அந்த வெள்ளை, பார்வை உள்ளவர்களுக்குச் சொன்ன சேதி. கோலை நீளமாக்கி, முன்னால் இடமும் வலமுமாக வீசித் தரையைப் படிக்கிற முறை 1940-களில், போரில் கண்ணிழந்த வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது உருவானது. ஊன்றுவதற்கு அல்ல அந்தக் கோல். அடுத்த அடியில் என்ன இருக்கிறது என்று விரல் நீட்டித் தொடுவது போல. அதற்கென்று நடமாட்டப் பயிற்சி தருபவர்கள் இருக்கிறார்கள், கற்றுக்கொண்டால்தான் பயன். அம்மா கடைசிவரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் தூரம் போயிருப்பார் என்று எனக்கு ஆதங்கம். ஆனால் முடிவு அவருடையது.

போனையும் அவரிடமிருந்து வாங்கி வைத்துவிடாதே. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கணினிக்கு அதே வேலையைச் செய்யும் என்விடிஏ என்ற மென்பொருள் இருக்கிறது. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006-ல் தொடங்க, பார்வையற்ற இன்னொருவர் சேர்ந்துகொள்ள வளர்ந்தது, இன்றும் இலவசம். பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், எரிச்சல் வரும், பக்கத்தில் இரு, ஆனால் விரலை அவர் வைக்கட்டும். அவர் பணத்தை அவர் அனுப்பட்டும். குடும்பக் குழுவில் படம் போடுகிறவர்களிடம் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொல்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படி. மூன்றாவது வருஷம் அம்மா ராத்திரியில் சரியாகத் தூங்காமல் இருந்தார். பல தடவை கேட்டபிறகு, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அறையில் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்களாம். பேசுவதில்லை, சத்தம் இல்லை, அழகான உடுப்பு. சுவர் முழுக்கப் பூ வேலைப்பாடு ஓடுகிறதாம். எட்டு மாதமாக. புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்கள் நினைத்துவிடுவோம் என்ற பயத்தில் மறைத்திருக்கிறார். டாக்டர் கேட்டவுடனே சொல்லிவிட்டார், இதற்கு சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று பெயர். பார்வை குறையும்போது, வர வேண்டிய சேதி வராமல் மூளை தானாகவே காட்சிகளை உண்டாக்கிக்கொள்கிறது. போனே சுவிட்சர்லாந்துக்காரர். கண்புரையால் பார்வை குறைந்த தன் தாத்தா, அறிவு தெளிவாக இருக்கும்போதே இல்லாத மனிதர்களையும் பறவைகளையும் காண்பதை 1760-ல் எழுதி வைத்தார். மனநோயும் இல்லை, மறதி நோயும் இல்லை. அதைக் கேட்ட அன்று அம்மா அழுதார். பார்வை போகிறது என்று சொன்ன நாளில்கூட அவர் அழவில்லை. கிளாக்கோமாவிலும் இது வரலாம். சித்தப்பாவுக்குத் தூக்கம் கம்மி என்றாயே, காரணம் வேறாகவும் இருக்கலாம், ஆனாலும் மெதுவாகக் கேள். "இல்லாத எதாவது கண்ணுல தெரியுதாப்பா? சில பேருக்கு வருமாம், பயப்பட ஒண்ணுமில்ல" என்று நீயே முதலில் கதவைத் திறந்து வை. இருக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு காரணம் இல்லை என்று அவர் உறுதி செய்யட்டும்.

டாக்டர் என்றதும் நினைவு வருகிறது. ஒரு முறை டாக்டர் என்னைப் பார்த்து "ராத்திரியில எரிச்சல் இருக்கா?" என்று கேட்டார். நானும் "இருக்கு டாக்டர்" என்றேன். வெளியே வந்தபின் அம்மா கேட்டார்: "எனக்கு எரிச்சல் இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?" என்னிடம் பதில் இல்லை. சித்தப்பாவை டாக்டருக்கு நேர் எதிரே உட்கார வை. நீ பக்கத்தில் இரு. கேள்வி உன்னிடம் வந்தால் "அப்பா, நீங்க சொல்லுங்க" என்று அவர் பக்கம் திருப்பிவிடு.

இன்னும் ஒன்று, இது உனக்காக. பெற்றவருக்குக் கிளாக்கோமா இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. சொட்டு மருந்து இழந்ததைத் திருப்பித் தராது, இருப்பதைத்தான் காக்கும். அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் எல்லாம். கண் அழுத்தம், கண் நரம்பு, பார்வைப் புலம் (ஓரம்வரை எவ்வளவு தெரிகிறது என்பது) மூன்றையும் இந்த மாதமே பரிசோதித்துக்கொள். சித்தப்பாவைத் துணைக்குக் கூப்பிடு. புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும் அந்தக் கருவிக்கு முன்னால் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், எப்போது பொத்தானை அமுக்க வேண்டும், மருந்து விட்டபின் எவ்வளவு நேரம் கண் கூசும், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். மணி அடித்தால் நீ எடுக்காதே. தடவி எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும், நான் காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா