மலையகத்தார் போருக்கு வெளியே நிற்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கை உள்நாட்டுப் போரைப் பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்டிருந்த நான்கு பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தலைவர்களின் படங்களும் போர்க்களங்களின் வரைபடமும் ஆண்டுவாரியான பட்டியலும் அக்கறையோடு தொகுக்கப்பட்டிருந்தன. முல்லைத்தீவு முகாம் 1996 ஜூலையிலும் ஆனையிறவு 2000 ஏப்ரலிலும் புலிகளிடம் வீழ்ந்ததும், கிளிநொச்சி 2009 ஜனவரி 2 அன்று இராணுவத்தின் கைக்குப் போனதும் பிழையின்றிக் குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் மூன்றாம் பக்கத்தில், "மலையகத் தமிழர்கள் இந்தப் போருக்கு வெளியே நின்றவர்கள்" என்று, தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்த எங்களை ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்கு எந்த வேலையிலும் மனம் செல்லவில்லை.

நான் 1962-இல் அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். 1974-இல், பன்னிரண்டு வயதில், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தேன். பின்னர் இந்த மலையிலேயே தொடக்கப்பள்ளி ஆசிரியையாக முப்பத்து நான்கு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றேன். ஆகவே நான் சொல்வதில் பாதி படித்து அறிந்தது. மீதி எங்கள் வீட்டில் நடந்தது.

தங்கள் பட்டியல் 1983 ஜூலை 23-இல் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பதின்மூன்று படைவீரர்கள் கொல்லப்பட்ட இரவு அது. அடுத்த நாள் கொழும்பில் வெடித்த வன்முறையும், வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டதும் யாராலும் மறக்கக் கூடியவை அல்ல. அவற்றைத் தாங்கள் விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்த இரவு வரை அந்த நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்கிற இளம் வாசகருக்கு அந்தப் பட்டியலில் ஒரு சொல்லும் கிடைக்காது. இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரியில். அதே ஆண்டு, பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. தந்தை அந்த மண்ணில் பிறந்தவர் என்பதைப் பத்திரத்தோடு மெய்ப்பிக்க வேண்டும் என்றார்கள். லயத்தில் பிறந்த குழந்தையின் பிறப்பை அந்தக் காலத்தில் யார் பதிந்து வைத்தார்கள்? மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் நாடாளுமன்றம் சென்றார். அதன் பின் 1977 வரை அங்கே மக்கள் வாக்கில் அவர் வெல்லும் நிலை வரவில்லை.

தந்தை செல்வா எனப்பட்ட செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டு விலகி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியது எதற்காக என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த அரசில் தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் சேர்ந்தார் என்பதுதான் அந்தப் பிளவின் வேர். இன்று இவர்களுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று செல்வா எச்சரித்தார். 1956-இல் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழி ஆக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957-இல் தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் தருவதாகப் பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வாவும் செய்துகொண்ட உடன்பாடு அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. 1958-இல் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பௌத்தத்துக்கு முதலிடம் தந்த 1972 அரசியலமைப்பு, தனிநாடு கோரிய 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1981-இல் யாழ்ப்பாண நூலக எரிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த பிறகுதான் தங்கள் பட்டியலின் முதல் நாள் வருகிறது. தனிநாட்டுக் கோரிக்கையில் தொண்டமான் சேரவில்லை, 1978-இல் அதிபர் ஜெயவர்த்தனாவின் அமைச்சரவையில் இடம்பெற்றார் என்பதெல்லாம் உண்மையே. கட்டுரையாளர் அதை வைத்துத்தான் அந்த வரியை எழுதினார் போலும். ஒரு தலைவர் எடுத்த முடிவை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தையே போருக்கு வெளியே நிறுத்திவிட முடியுமா, ஐயா?

தனிச் சிங்களச் சட்டம் என்றால் என்னவென்று நான் சட்டப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. என் பிறப்புச் சான்று முழுக்கச் சிங்களத்தில் இருக்கிறது. 1994-இல் என் மகனின் சாதிச் சான்றிதழுக்காக இங்கே ஓர் அலுவலகத்தில் அதைக் கொடுத்தபோது, எழுத்தர் அந்தத் தாளை நேராகவும் தலைகீழாகவும் வைத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, மலையாளமா?" என்று கேட்டார். அதில் அப்பாவின் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியும். சிறுவயதில் அவர் விரல் வைத்துக் காட்டியிருந்தார். அவராலும் அதைப் படிக்க முடியாது. தன் பெயர் எழுதப்பட்ட இடத்தை யாரோ சொல்லித்தான் அவரும் தெரிந்துவைத்திருந்தார். அந்தச் சான்றிதழுக்காக நான் பதினொரு முறை மலையிறங்கிச் சேலத்துக்குப் போய்வந்தேன்.

எங்கள் முன்னோர் தாது வருடப் பஞ்சத்தில், 1877 வாக்கில், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் போனவர்கள். அந்தப் பஞ்சம் சேலம் மாவட்டத்தை என்ன பாடுபடுத்தியது என்று இன்றும் இங்குள்ள முதியவர்கள் சொல்வார்கள். அவர்கள் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்கென்று போனார்கள். இலைநோயில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் ஆனார்கள். நான்கு தலைமுறை கழித்து, 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டு, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. திரும்பியவர்களில் நிறையப் பேர் நீலகிரிக்குப் போனார்கள். எங்களைப் போன்ற சிலர் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வந்தோம். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி அம்மாவின் உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு முடி முளைக்காமல் இருந்தது. அந்தத் தலையோடுதான் அவர் இங்கே காப்பிப் பழம் பறிக்கப் போனார்.

அப்பா இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டார். சித்தப்பா இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டார். அங்கிருந்த சித்தப்பாவுக்கு நேர்ந்ததைத்தான் தங்கள் கட்டுரையாளர் அறிந்திருக்க வேண்டும். 1977 ஆகஸ்டில் தோட்டப் பகுதிகளில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது அவருடைய லயம் எரிந்தது. தமிழர் நடுவே இருந்தால் உயிராவது மிஞ்சும் என்று, அவரைப் போன்ற பல குடும்பங்களோடு வவுனியாவுக்குப் போய், பிறகு கிளிநொச்சிக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறினார். மூத்த மகன் விருப்பமில்லாமல் துப்பாக்கி தூக்க வைக்கப்பட்டு, திரும்பி வரவேயில்லை. இளையவன் 2009 ஏப்ரலில் புதுமாத்தளனில், தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றபோது எறிகணையில் இறந்தான். போர் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை நடந்து போனவர்களில் மலையக வேர் கொண்டவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவர்களைத்தான் போருக்கு வெளியே நின்றவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

1984-இல் போரால் தலைமன்னார்க் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் வர முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் இலங்கைக் குடியுரிமை கிடைப்பதற்கு 2003 வரை ஆயிற்று. அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இங்கே வந்தபின் சிலோன்காரர் என்றார்கள். சேலத்துக்கும் இந்தப் போருக்கும் உள்ள தொடர்பாக மேட்டூரை அடுத்த கொளத்தூரில் 1980-களில் நடந்த புலிகளின் பயிற்சி முகாமை மட்டும் கட்டுரை சொல்கிறது. அது நடந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்பே இந்த மாவட்டத்தின் மலைமேல் வந்து இறங்கிய நாங்கள் கண்ணில் படவில்லையா? சில ஆண்டுகளுக்கு முன்பு ஏற்காட்டைப் பற்றிய சிறப்பிதழில் எங்கள் குடியிருப்பின் படத்தைப் போட்டு, அடியில் "அகதிகள்" என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் அகதிகள் அல்லர்; இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்கள். அப்போதும் கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை.

இப்போது நான் கேட்பது பெரிதல்ல. அந்தப் பட்டியலின் தொடக்கத்தில் 1948 குடியுரிமைச் சட்டத்தையும் 1964 ஒப்பந்தத்தையும் சேர்த்து, மூன்றாம் பக்கத்து வரியைத் திருத்தி, அடுத்த இதழில் நான்கு வரி அளவில் வெளியிட வேண்டுகிறேன். சித்தி இன்னும் வவுனியாவில் இருக்கிறார். போரைப் பற்றி நம் ஊர்ப் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னேன். "நம்ம ஆளுங்களப் பத்திப் போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். திருத்தம் வந்தால் அந்த இதழை அவருக்கு அஞ்சலில் அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.