கேஸ் ஷீட்டில் எழுதிய ஊர்கள்

ஸ்வான்சீ, வேல்ஸ்
மே 18

அன்புள்ள புனிதா,

உன் கடிதம் ஈஸ்டர் கழிந்த வாரம் வந்து சேர்ந்தது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. ஆறாவது வாரத்திலேயே வாக்கரை விட்டுவிட்டுக் கம்பு ஊன்றி மாடிப்படி ஏறுகிறாய் என்றால் நல்ல முன்னேற்றம்தான். வலிக்கிறதென்று உட்கார்ந்துவிடாதே. ஆபரேஷன் ஆன மறுநாளே எத்தனை பேரைக் கட்டிலைவிட்டு இறக்கி நடக்கவைத்திருக்கிறோம், இப்போது உன் முறை. சின்னவளுக்குத் தென்காசியில் வேலை கிடைத்ததை அவரிடம் சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

"அந்த மழையிலும் காற்றிலும் வாரா வாரம் எங்கேதான் நடக்கப் போகிறாய்?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2002-ல் இந்த ஊருக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை 22 வருஷம் முதியோர் வார்டில்தான் வேலை. வீடு, பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி, மார்க்கெட், கோயில். எனக்குத் தெரிந்த ஸ்வான்சீ அவ்வளவுதான். புதிதாக ஒருவர் வார்டுக்கு வந்தால் பெயர், வயது, ஊர் எழுதுவோம் இல்லையா? பென்க்ளாவ்த், லான்மடாக், லான்கெனித், ராஸிலி, போர்ட் ஐனன் என்று எழுதுவேன். எல்லாம் ஸ்வான்சீக்கு மேற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கௌவர் தீபகற்பத்து ஊர்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினேன், பிறகு கை தானாக எழுதியது. அவற்றில் ஒரு ஊரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.

முதல் வருஷம் நடந்த ஒன்றை உன்னிடம்கூட இதுவரை சொல்லவில்லை. இரவு டியூட்டி. பென்க்ளாவ்த்திலிருந்து வந்த ஒரு பாட்டி, தொண்ணூறை நெருங்கிய வயது. பகலெல்லாம் நன்றாக ஆங்கிலம் பேசுவார். இரவில் நினைவு குழம்பினால் சின்ன வயதில் பேசிய வெல்ஷ் மொழிக்குப் போய்விடுவார். அன்றைக்கு "தூர், தூர்" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். கதவைத்தான் ஆங்கிலத்தில் 'டோர்' என்கிறார் போல, வராந்தா வெளிச்சம் கண்ணில் படுகிறதாக்கும் என்று நினைத்து எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். காலையில் உள்ளூர்க்காரப் பெண் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது, வெல்ஷில் 'தூர்' என்றால் தண்ணீர். ஒருவர் என்னிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார், நான் கதவைச் சாத்தியிருக்கிறேன். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அதற்குப் பிறகு வலிக்கு 'போய்ன்', நன்றிக்கு 'டியோல்ஹ்' என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக் கையில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு முதல் நடைக்குப் பென்க்ளாவ்த்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தப் பாட்டிதான் காரணம்.

கௌவரின் வடகரையில் இருக்கிறது அந்த ஊர். ஊருக்கு முன்னால் மணல் கிடையாது. பச்சைப் புல் மூடிய உவர்ச் சதுப்பு. அதற்கப்பால், கடல் உள்வாங்கும் வற்ற நேரத்தில் மைல்கணக்கில் விரியும் சேற்றுமணல். குதிரைகள் அந்தப் புல்லில் தாமாக மேய்கின்றன. ஆடுகளும் அங்கே மேய்வதால் இந்த ஊர் இறைச்சிக்குத் தனிப் பெயர் உண்டு. நம் ஊர் மட்டி மாதிரி 'காக்கிள்' என்ற சிப்பி அந்தச் சேற்றில் கிடைக்கும். இன்றைக்கும் கையாலேயே கிளறி, சலித்து எடுக்கிறார்கள். பழைய நாளில் அது முழுக்கப் பெண்களின் தொழில். கழுதையோடு சேற்றில் இறங்கிச் சிப்பி வாரி, வேகவைத்து, கூடையில் சுமந்து ஸ்வான்சீ மார்க்கெட்டுக்கு ஆறேழு மைல் நடந்தே போவார்களாம். பூட்ஸ் தேய்ந்துவிடக் கூடாது என்று வெறுங்காலோடு நடந்து, நகரத்துக்குச் சற்று முன்னால் ஓர் ஓடையில் கால் கழுவி, அப்புறம்தான் பூட்ஸ் போட்டுக்கொள்வார்களாம். அந்த இடத்தின் பெயர் ஓல்ஹ்வா. கழுவுமிடம் என்று அர்த்தம். அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் எத்தனையோ தடவை தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன்.

சிப்பி வாரியவர்களில் அந்தப் பாட்டியும் ஒருவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் விரல் முட்டிகளெல்லாம் வீங்கி வளைந்திருந்தது நினைவுக்கு வந்தது. கரையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். கேஸ் ஷீட்டில் எழுதிய ஊர் ஒவ்வொன்றுக்கும் நடந்து போகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், பள்ளியில் வெல்ஷ் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர், ஊர்ப்பெயர்களைப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார். 'பென்' என்றால் தலை, முனை. 'க்ளாவ்த்' என்றால் மண்கரை. சேர்த்தால் கரைமுனை. 'அபர்' என்றால் முகத்துவாரம். ஸ்வான்சீக்கு வெல்ஷில் அபர்டாவே, டாவே ஆறு கடலில் விழும் இடம். 'லான்' என்று தொடங்கும் ஊரெல்லாம் பழைய கோயிலைச் சுற்றி எழுந்தவை. அந்த 'ல'வை நாம் சொல்வது போலச் சொன்னால் தப்பு. நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்துக் காற்றை இரண்டு பக்கமும் ஊத வேண்டும். எனக்கு வர மூன்று மாதம் ஆனது. பதிலுக்கு அவருக்கு 'தமிழ்' என்று சொல்லப் பழக்கினேன். 'ழ' இன்னும் சரியாக வரவில்லை, ஆனாலும் விடாமல் சொல்லிப் பார்க்கிறார்.

அடுத்து ராஸிலி. கௌவரின் மேற்கு முனை. மூன்று மைல் நீளத்துக்கு ஒரே வளைவாகக் கடற்கரை, முதுகுப்பக்கம் 193 மீட்டர் உயரக் குன்று. 1887-ல் கரைதட்டிய ஒரு நார்வே கப்பலின் விலா மரங்கள் இன்னும் மணலிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கின்றன. அதன் தென்கோடியில் ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்குப் பாம்பு நீந்துவது போல ஒரு பாறை கடலுக்குள் போகிறது. பெயர் வோர்ம்ஸ் ஹெட். வோர்ம் என்பது பழைய பேச்சில் டிராகனைக் குறிக்கும் சொல். வற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம்தான் அதற்கு வழி உண்டு. மற்ற நேரமெல்லாம் அது தீவு.

இந்தக் கடலின் ஏற்ற வற்றத்தை உனக்கு எப்படிச் சொல்வது? நம் தூத்துக்குடியில் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி எட்டு ஒன்பது மீட்டர் ஏறி இறங்கும். மூன்று மாடி உயரம். பிரிஸ்டல் கால்வாய் புனல் மாதிரி போகப் போகக் குறுகுவதால் வரும் தண்ணீருக்கு மேலே எழும்புவதைத் தவிர வழியில்லை. கடைகளில் ஏற்ற வற்ற நேரம் அச்சிட்ட சின்னப் புத்தகம் விற்பார்கள். அது இல்லாமல் யாரும் கரையோரம் போகக் கூடாது.

போன மாதம் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். மத்தியானம் 1:30-க்கு முழு வற்றம் என்று போட்டிருந்தது. 11 மணிக்கெல்லாம் பாறையில் இறங்கலாம் என்று கணக்குப் போட்டுப் போய் நின்றால் எதிரே முழுக்கத் தண்ணீர். மேலே கண்காணிப்புக் கூடத்தில் தன்னார்வலர்கள் கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களில் ஒருவர் சொன்னார், என் புத்தகத்தில் இருப்பது கிரீன்விச் நேரம், கோடைக்காலத்தில் இங்கே கடிகாரத்தை முன்னே தள்ளிவைப்பதால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று. தப்பு இந்தப் பக்கமாக நடந்ததால் பிழைத்தேன். திரும்பும் நேரத்தில் தப்பியிருந்தால் அடுத்த வற்றம் வரை அந்தப் பாறையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். இடையில் நீந்தப் பார்த்தவர்கள் செத்திருக்கிறார்கள்.

காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்ததை மறக்க மாட்டேன், புனிதா. முதலில் தண்ணீரின் நிறம் மாறியது. பிறகு ஒரு கருப்பு முனை தெரிந்து, அலையில் மூழ்கி, திரும்பத் தெரிந்தது. அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டிய பாறைகள் வரிசையாக எழுந்துவிட்டன. கடல் தன்பாட்டுக்கு எழுந்துபோய் வழி விட்டது. யாத்திராகமத்தில் செங்கடல் பிளந்ததைச் சின்ன வயதில் எத்தனை முறை வாசித்திருப்போம்! எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. கோடியில் இருக்கும் பாறைக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை யாரும் ஏறக் கூடாது, கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். அதனால் நடுப்பாறையிலேயே திரும்பினேன். கீழே இரண்டு கடல்நாய்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

பாதைகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். வேல்ஸின் கரை முழுக்கச் சுற்றி வரும் நடைபாதையை 2012 மே மாதம் திறந்தார்கள். 870 மைல். ஒரு நாட்டின் கடற்கரை முழுவதற்கும் இப்படிப் பாதை போட்டது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. நான் இன்னும் எழுபது மைல்கூட முடிக்கவில்லை. அது பெரிய பாதை. அதைவிட எனக்குப் பிடித்தது வயல்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைகள். நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும், அதன் நடுவே நடக்கும் உரிமை ஊருக்கே உண்டு. வேலியில் ஏறி இறங்க மரப்படி வைத்திருப்பார்கள், பக்கத்தில் மஞ்சள் அம்புக்குறி இருக்கும். சட்டத்தில் ஒன்று உண்டு. யாரும் தடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிக்காமல் ஜனங்கள் 20 வருஷம் ஒரு வழியாக நடந்திருந்தால் அதைப் பொதுப்பாதையாக ஏற்கச் சொல்லிக் கேட்கலாம். நடந்து நடந்தே உண்டாகும் உரிமை. நான் நடப்பதும் ஏதோ ஒரு பாதையின் கணக்கில் சேரும் என்று நினைத்தால் மனதுக்கு இதமாக இருக்கிறது.

நாம் கடலைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனால் அந்தக் கரையில் தனியாக ஒரு மைல் நடந்திருக்கிறோமா? சாயங்காலம் அப்பாவோ அண்ணனோ கூட வந்தால்தான் உண்டு. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். இங்கே 62 வயதில் ஒரு பையில் எலுமிச்சம் சாதமும் ஃப்ளாஸ்க்கில் டீயும் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புகிறேன். எதிரே வருபவர்கள் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். யார் பெண், எந்த ஊர், ஏன் தனியாக என்று ஒருவரும் கேட்பதில்லை. இது நமக்கு நாற்பது வருஷம் முன்னாலேயே கிடைத்திருக்க வேண்டியது. அந்த வருத்தம் எனக்கு உண்டு. உன் பேத்தியை மட்டும் கடற்கரைக்குத் தனியாக அனுப்பிப் பழக்கு.

இங்கே எல்லா நாளும் நன்றாக இருக்கும் என்று சொல்லவில்லை. குளிர்காலத்தில் சேறு கணுக்கால்வரை வரும். மலைமுகட்டில் காற்று ஆளைத் தள்ளும். மழை பக்கவாட்டில் அடிக்கும், குடை உதவாது. நவம்பரில் பாதி வழியில் அழுகையே வந்து திரும்பியிருக்கிறேன். ஆனால் மே மாதம் வேறு. பாறை விளிம்பெல்லாம் இளஞ்சிவப்புப் பூ, தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் வானம்பாடியின் பாட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம். கோர்ஸ் என்று ஒரு முள்புதர், மஞ்சள் பூ. வெயில் பட்டால் அதிலிருந்து அச்சு அசல் தேங்காய் வாசம் வரும். முதல் தடவை யாரோ தேங்காய் உடைத்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது அந்தப் புதரைக் கண்டால் நின்று மூச்சை இழுத்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

இங்கே மற்றபடி எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மகனுக்கு ஆகஸ்டில் இரண்டாவது குழந்தை.

அடுத்த ஜூனில் நீ வா. அதற்குள் மூட்டு நன்றாகப் பழகிவிடும். முதல் வாரம் உன்னை எங்கும் ஏறவிட மாட்டேன். ஸ்வான்சீயிலிருந்து மம்பிள்ஸ் வரை ஐந்து மைல் வளைகுடாவை ஒட்டிச் சமதளமான பாதை இருக்கிறது, வழியெல்லாம் உட்கார பெஞ்சு. 1807-ல் உலகத்திலேயே முதன்முதலாகக் காசு வாங்கிப் பயணிகளை ஏற்றிப்போன ரயில் அந்த வழியாகத்தான் ஓடியது, அப்போது குதிரை இழுத்தது. 1960-ல் ரயிலை நிறுத்திவிட்டார்கள், அந்தத் தடத்தில்தான் நாம் நடக்கப் போகிறோம். தினமும் ஒரு மைல் போதும். கால் ஒத்துழைத்தால் பெம்ப்ரோக்‌ஷயர் போய்ப் படகேறி ஸ்கோமர் தீவில் பஃபின் பறவைகளைப் பார்க்கலாம். ஆகஸ்ட் பிறந்தால் அவை கடலுக்குப் போய்விடும், அதனால் தள்ளிப்போடாதே.

ஷூ இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், சுமந்து வராதே. கால் அளவை மட்டும் எழுதி அனுப்பு. காலையில் அளக்காதே, சாயங்காலம் வீக்கத்தோடு இருக்கும்போது அள. இரண்டு காலையும் அள, ஆபரேஷன் ஆன கால் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

அன்புடன்,
ஜெயா